நிதிநிலை அறிக்கை அலசலுக்கு மேல்நிலைப் பாடநூல் தேர்ந்தெடுப்பது எப்படி: சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.காம் முடித்தாயிற்று, அல்லது சிஏ இன்டர் தேறியாயிற்று. விகிதங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு நிறுவனத்தின் முந்நூறு பக்க ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இந்த இடத்தில்தான் பலரும் "நல்லதா ஒரு அட்வான்ஸ்டு புத்தகம் சொல்லுங்க" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எல்லாமே தடிமனான, விலை கூடிய, அமெரிக்க நூல்கள். நானும் அந்தப் பட்டியல்களோடு நிறைய அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

எது சிறந்த நூல் என்ற கேள்வியில் நேரத்தைச் செலவிடாதீர்கள். நீங்கள் படிக்கப்போகும் ஆண்டறிக்கைகளோடு எந்த நூல் ஒத்துப்போகிறது என்று பாருங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

1. எதற்காகப் படிக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

வங்கியிலோ, வங்கி அல்லாத நிதி நிறுவனமான என்பிஎஃப்சியிலோ கடன் மதிப்பீடு செய்பவருக்கு வேண்டியது ஒன்று, பங்குகளை மதிப்பிடுபவருக்கு வேண்டியது வேறு. கடன் கொடுப்பவர் கேட்பது "பணம் திரும்பி வருமா?". அவருக்குப் பணப்பாய்வு, அடமானம், நடைமுறை மூலதனம், கணக்கில் தெரியாத கடன்கள் ஆகியவை முக்கியம். பங்கு வாங்குபவர் கேட்பது "இந்த லாபம் நீடிக்குமா, அதற்கு என்ன விலை கொடுக்கலாம்?". அவருக்கு மதிப்பீட்டு அத்தியாயங்கள் கனமாக இருக்க வேண்டும். தேர்வுக்காகப் படிப்பவர் அந்தத் தேர்வின் பாடத்திட்டத்தை முதலில் முடித்துவிடுவது நல்லது. மேல்நிலை நூலை அதற்கு நடுவில் தொட்டால் இரண்டுமே பாதியில் நிற்கும்.

அடுத்து, நீங்கள் தயாரா என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தேய்மானம் 10 லட்சம் ரூபாய் கூடுகிறது, வரி விகிதம் 25 சதவீதம், அந்தத் தேய்மானத்துக்கு வரிச்சலுகை முழுதாகக் கிடைக்கிறது. மூன்று அறிக்கைகளிலும் என்ன மாறும்? நிகர லாபம் 7.5 லட்சம் குறையும், வரி மிச்சத்தால் ரொக்கம் 2.5 லட்சம் கூடும், நிலையான சொத்து 10 லட்சம் குறையும், பங்குதாரர் நிதி 7.5 லட்சம் குறையும். இதைத் தாளில் எழுதாமல் சொல்ல முடிந்தால் மேற்கொண்டு போகலாம். தடுமாறினால் இன்னும் இரண்டு மாதம் அடிப்படை நூலோடு இருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, செலவும் மிச்சம்.

2. கணக்கு எழுதும் நூல் வேறு, கணக்கைப் படிக்கும் நூல் வேறு

கடையில் போய் 'அட்வான்ஸ்டு' என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் அட்வான்ஸ்டு அக்கவுண்டன்சி. நிறுவன இணைப்பு, கலைப்பு, கிளைக் கணக்கு என்று எல்லாம் இருக்கும். அது கணக்கைத் தயாரிப்பவருக்கான நூல். மேலாண்மைக் கணக்கியல் நூல்களிலும் 'விகித அலசல்' என்று ஓர் அத்தியாயம் உண்டு. அங்கே விகிதத்தைக் கணக்கிடுவதோடு சரி, அந்த எண் நம்பத் தகுந்ததா என்ற கேள்வி எழாது.

பொருளடக்கத்தைத் திறந்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள். கணக்கின் தரத்தைச் சோதிப்பது பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறதா? வெளியிட்ட கணக்கை நாமே திருத்தி மறுபடி அடுக்குவது பற்றி இருக்கிறதா? வரும் ஆண்டுகளுக்கான கணிப்புப் பற்றி இருக்கிறதா? மூன்றும் இருந்தால் அது நாம் தேடும் வகை. முதல் இரண்டும் இல்லையென்றால் அட்டையில் என்ன போட்டிருந்தாலும் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

3. எந்தக் கணக்கு முறை, எந்த ஆண்டு: இதில்தான் அதிகம் சறுக்கும்

மேல்நிலை நூல்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் கணக்கு முறையை, அதாவது யுஎஸ் கேப்பை, அடிப்படையாகக் கொண்டவை. நாம் படிக்கப்போகும் இந்திய நிறுவனங்களோ இண்ட் ஏஎஸ், அதாவது இந்தியக் கணக்கியல் தரநிலைகள் என்ற முறையில் கணக்குத் தருகின்றன. 500 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கு 2016 ஏப்ரல் 1 முதலும், பட்டியலிடப்பட்ட மற்ற நிறுவனங்களுக்கும் 250 கோடி அல்லது அதற்கு மேல் நிகர மதிப்புள்ள பட்டியலிடப்படாத நிறுவனங்களுக்கும் 2017 ஏப்ரல் 1 முதலும் அது கட்டாயமானது. இண்ட் ஏஎஸ் என்பது சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகளான ஐஎஃப்ஆர்எஸ்ஸை ஒட்டி எழுதப்பட்டது. ஆகவே ஐஎஃப்ஆர்எஸ்ஸைச் சேர்த்துப் பேசும் நூலாக இருந்தால் பாதி வேலை குறைந்தது.

வித்தியாசங்கள் எங்கே கடிக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

சரக்கிருப்பு: பழைய அமெரிக்க நூல்களில் லைஃபோ, அதாவது கடைசியில் வந்தது முதலில் வெளியே என்ற முறைக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. இண்ட் ஏஎஸ் 2 அதை அனுமதிப்பதே இல்லை. மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியத்தின் கணக்கைப் படிக்க உங்களுக்கு லைஃபோ இருப்பு நிதி பற்றி எதுவும் தெரிய வேண்டாம். கச்சா எண்ணெய் விலை ஏறி இறங்கும்போது கையிருப்பின் மதிப்பால் லாபம் எப்படி ஆடுகிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

வட்டி: அமெரிக்க முறையில் கட்டிய வட்டி செயல்பாட்டுப் பணப்பாய்வில் கழியும். இண்ட் ஏஎஸ் 7-இல் நிதி நிறுவனம் அல்லாதவை அதை நிதி நடவடிக்கைகளின் கீழ்க் காட்ட வேண்டும். ஆக, ஒரே நிறுவனம் இங்கே கணக்கெழுதினால் அதன் செயல்பாட்டுப் பணப்பாய்வு பெரிதாகத் தெரியும். நூலில் 'செயல்பாட்டுப் பணம் கடனில் இத்தனை சதவீதம் இருந்தால் நல்லது' என்று ஓர் அளவுகோல் போட்டிருந்தால், அதை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள்.

குத்தகை: மிகப் பெரிய மாற்றம் இதுதான். 2019 ஏப்ரல் 1 முதல் இண்ட் ஏஎஸ் 116 வந்தது. குறுகிய காலக் குத்தகை, சிறு மதிப்புக் குத்தகை தவிர மற்றதெல்லாம் இருப்புநிலைக் குறிப்புக்குள் வந்துவிட்டது. வாடகை என்ற செலவு தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்தது. இதனால் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம், திடீரென உயரும். பணப்பாய்விலும் அந்த வாடகை செயல்பாட்டிலிருந்து விலகி நிதி நடவடிக்கைகளுக்குப் போய்விடும். நிறுவனத்தில் உண்மையில் எதுவும் மாறியிருக்காது. அமெரிக்காவிலும் குத்தகை இருப்புநிலைக் குறிப்புக்குள் வந்துவிட்டது என்றாலும், அங்கே செயல்பாட்டுக் குத்தகைச் செலவு இன்னும் ஒரே வரியில்தான் நிற்கிறது. 2019-க்கு முந்தைய நூல்கள், குத்தகையை நாமே கடனாக மாற்றிச் சேர்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கும். இன்றைய இந்தியக் கணக்கில் அதைச் செய்தால் ஒரே கடனை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். அப்போலோ மருத்துவமனை போல நிறைய வாடகை இடங்களை வைத்து நடத்தும் நிறுவனத்தில் இது சின்னத் தொகையாக இருக்காது.

இன்னும் சில: சொத்து மறுமதிப்பீடு இங்கே அனுமதி, அமெரிக்காவில் இல்லை. ஒரு முறை எழுதிக் குறைத்த சொத்து மதிப்பை (குட்வில் எனும் நற்பெயர் மதிப்பு தவிர) இங்கே திரும்ப ஏற்றலாம், அங்கே பயன்பாட்டில் உள்ள சொத்துக்கு அது முடியாது. ஒரே குழுமத்துக்குள் நடக்கும் இணைப்புகளுக்கு இண்ட் ஏஎஸ் 103-இல் தனிப் பின்னிணைப்பே உண்டு, புத்தக மதிப்பிலேயே சேர்க்கச் சொல்கிறது. குழும நிறுவனங்கள் அடிக்கடி ஒன்றோடொன்று இணையும் நம் ஊரில் இது அடிக்கடி வரும், வெளிநாட்டு நூல் எதிலும் இதற்கு விளக்கம் எதிர்பார்க்காதீர்கள்.

வங்கிகள் மட்டும் வேறு. இந்தியன் வங்கியையோ ஐஓபியையோ அலச நினைத்தால், வங்கிகள் இண்ட் ஏஎஸ்ஸுக்கு மாறுவதை ரிசர்வ் வங்கி 2019-இல் தள்ளிவைத்தது என்பதை நினைவில் வையுங்கள். அவற்றின் கணக்கு வடிவம் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வருகிறது. பொதுவான பாடநூல் அங்கே அரைகுறையாகவே உதவும்.

ஆக, பதிப்பின் ஆண்டைப் பாருங்கள். 2018, 2019-க்குப் பின் திருத்திய பதிப்பு என்றால் வருவாய், நிதிக் கருவிகள், குத்தகை மூன்றும் புது விதிப்படி இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பதிப்பு என்றால் அந்த மூன்று அத்தியாயங்களையும் தவிர்த்துவிட்டு மீதியைப் படிக்கத் தயாராக இருங்கள். 2027 ஜனவரி முதல் சர்வதேச அளவில் ஐஎஃப்ஆர்எஸ் 18 வருகிறது, லாப நட்டக் கணக்கின் அமைப்பே மாறும். அதனால் "கடைசிப் பதிப்பு வரட்டும்" என்று காத்திருப்பதிலும் பயனில்லை. எப்போதும் ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும்.

4. அடிக்கடி காதில் விழும் பெயர்கள்

எல்லாவற்றையும் வாங்கச் சொல்லவில்லை. ஒன்றை வாங்குங்கள்.

முதலீட்டு அலசலாளர்களுக்கான சிஎஃப்ஏ தேர்வை நடத்தும் சிஎஃப்ஏ இன்ஸ்டிடியூட் வரிசையில் வரும் 'இன்டர்நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட் அனாலிசிஸ்' நான்காம் பதிப்பு 2020-இல் வந்தது. ஐஎஃப்ஆர்எஸ்ஸையும் அமெரிக்க முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறது. பயிற்சி நூல் தனியாக வருகிறது. நடை வறட்சிதான், ஆனால் ஆங்கிலம் எளிது. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கே.ஆர். சுப்ரமணியத்தின் 'ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட் அனாலிசிஸ்' கல்லூரி நூலகங்களில் அதிகம் கிடைக்கும். பழைய பதிப்புகளில் வைல்ட் என்ற பெயரும் அட்டையில் இருக்கும். நிதி திரட்டல், முதலீடு, செயல்பாடு என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் கணக்கு எங்கே வளையும் என்று காட்டுகிறது. கடன் அலசலுக்கு ஓர் அத்தியாயம் தனியாக உண்டு. அதனால் வங்கிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பொருத்தம். உதாரணங்கள் அமெரிக்காவுடையவை.

ஸ்டீஃபன் பென்மன் எழுதியது பங்கு மதிப்பீட்டுக்காரர்களுக்கானது. செயல்பாட்டையும் நிதி திரட்டலையும் பிரித்து இருப்புநிலைக் குறிப்பையே மறுபடி அடுக்க வைக்கிறது. இருக்கும் பாடநூல்களில் சிந்தனை மிகக் கூர்மையானது இதுதான் என்பது என் கருத்து. ஆனால் முதல் நூலாக எடுத்தால் நான்காம் அத்தியாயத்திலேயே பலர் கைவிடுவார்கள். இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பலேபு, ஹீலி இருவரும் எழுதியது தொழில் உத்தியிலிருந்து தொடங்கி, பிறகு கணக்கு, நிதி, எதிர்காலம் என்று போகிறது. எம்பிஏ வகுப்பு பாணி. நேர்வு ஆய்வுகளைச் சேர்ந்து விவாதிக்க ஆட்கள் இருந்தால் அருமை. தனியாகப் படிப்பவருக்குப் பாதி பயன்தான். அதற்கு ஐஎஃப்ஆர்எஸ் பதிப்பும் தனியாக உண்டு, எடுத்தால் அதையே எடுங்கள்.

வைட், சோந்தி, ஃப்ரைட் மூவரின் நூலை இன்றும் மூத்தவர்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் அதுதான் வேதம். கடைசிப் பதிப்பு 2003 வாக்கில் நின்றுவிட்டது. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், அதை மட்டும் நம்பக் கூடாது.

ஃப்ரிட்சனும் அல்வரெஸும் எழுதியது நடைமுறையாளர் பார்வை. சந்தேகக் கண்ணோடு படிக்கப் பழக்கும். ஆனால் அந்த ஆங்கிலத்தில் நையாண்டியும் மரபுத்தொடரும் அதிகம், முதலில் கொஞ்சம் திணறும்.

5. வாங்கும் முன் ஓர் அத்தியாயத்தை உரசிப் பாருங்கள்

பெயர் தெரிந்தாயிற்று. இனி விமர்சனங்களைப் படிப்பதை நிறுத்திவிட்டு, ஓர் ஆண்டறிக்கையோடு உட்காருங்கள். தங்கத்தை உரைகல்லில் தேய்ப்பது போலத்தான், ஒரு கோடு போட்டாலே தெரிந்துவிடும்.

ஆண்டறிக்கைகள் பிஎஸ்இ, என்எஸ்இ இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை நிறுவனம் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள், தொழிலைப் பற்றி ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருக்கும். என் சிபாரிசு டிவிஎஸ் மோட்டார் அல்லது அசோக் லேலண்ட். காரணம் இருக்கிறது. இரண்டுக்கும் கீழே கடன் கொடுக்கும் துணை நிறுவனங்கள் உண்டு: அங்கே டிவிஎஸ் கிரெடிட், இங்கே ஹிந்துஜா லேலண்ட் ஃபைனான்ஸ். தனிக் கணக்கில், அதாவது ஸ்டாண்ட்அலோனில், கடன் ஓர் அளவில் தெரியும். ஒருங்கிணைந்த கணக்கில், கன்சாலிடேட்டடில், பல மடங்காகத் தெரியும். நிதி நிறுவனம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடன் செயல்பாட்டுப் பணப்பாய்வில் வெளியேறுவதாகப் பதிவாகும். ஆகவே கடன் வழங்கல் வேகமாக வளரும் ஆண்டில், வண்டி விற்பனை அமோகமாக இருந்தாலும் ஒருங்கிணைந்த செயல்பாட்டுப் பணப்பாய்வு மைனஸில் போகக்கூடும்.

இப்போது உங்கள் நூலைத் திறந்து, துணை நிறுவனங்கள் பற்றிய அத்தியாயத்தையும் பணப்பாய்வு அத்தியாயத்தையும் படியுங்கள். பிறகு இந்தக் கேள்விகள்:

இந்த முரண்பாட்டை விளக்க அந்த அத்தியாயம் கருவி ஏதாவது கொடுத்ததா? "உற்பத்தியையும் நிதித் தொழிலையும் பிரித்துப் பார்" என்றாவது சொன்னதா? நூல் பேசும் ஒவ்வோர் இனத்தையும் ஆண்டறிக்கையின் குறிப்புகளில் உங்களால் கண்டுபிடிக்க முடிந்ததா? அத்தியாயத்தின் கடைசியில் பயிற்சிகள் இருக்கின்றனவா, அவற்றுக்கு விடை எங்கே?

விடை பற்றிய கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் தனியாகப் படிப்பவருக்கு அதுதான் உயிர். பல பல்கலைக்கழக நூல்களுக்கு விடைத்தொகுப்பு ஆசிரியர்களுக்கு மட்டும்தான் தரப்படும். விடையில்லாத இருபது பயிற்சிகளைவிட விடையுள்ள ஐந்து மேல்.

இன்னொரு சோதனை, ரொக்கம். 2009 ஜனவரியில் சத்யம் மென்பொருள் நிறுவனத் தலைவர் எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். சேர்ந்திருப்பதாகக் காட்டிய 376 கோடி வட்டியும் பொய். ரொக்கம் என்றால் பத்திரம் என்று பாடம் எடுக்கும் நூலும் உண்டு, "இவ்வளவு ரொக்கத்தை வைத்துக்கொண்டு ஏன் சும்மா இருக்கிறார்கள்?" என்று கேட்கப் பழக்கும் நூலும் உண்டு. வட்டி வருமானத்தை இருப்பால் வகுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் வட்டியையும் சேர்த்தே பொய்யாக எழுதினால் அந்த விகிதம் அழகாகவே வரும். ஒரு விகிதத்தோடு நிறுத்தாமல் அடுத்த கேள்விக்கு இழுத்துப் போகிறதா என்று நூலைப் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு சனி, ஞாயிறு போதும்.

6. சென்னையில் எங்கே புரட்டிப் பார்க்கலாம்

முதல் இடம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கிப் போகலாம். வணிகம், கணக்கியல் நூல்கள் இருக்கும் தளத்தை வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த நூலைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. அச்செடுத்த ஆண்டறிக்கையோடு போகிறவர்கள் முதலில் அங்கே விசாரியுங்கள், எல்லாத் தளத்துக்கும் கொண்டுபோக விடமாட்டார்கள். மடிக்கணினியில் வைத்திருந்தால் சுலபம். விடுமுறை நாட்களில் கூட்டம், காலையிலேயே போய்விடுங்கள்.

எழும்பூர் கன்னிமாரா, இந்தியாவில் வெளியாகும் நூல்கள் வந்து சேரும் நான்கு வைப்பு நூலகங்களில் ஒன்று. இந்திய மறுபதிப்புகளைத் தேட அது நல்ல இடம், ஆனால் வெளிநாட்டில் மட்டும் அச்சான புதிய பதிப்பை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். சிஏ மாணவராக இருந்தால் நுங்கம்பாக்கத்தில் உள்ள ஐசிஏஐ, அதாவது பட்டயக் கணக்காளர் கழக, அலுவலகத்தில் நூலக வசதி பற்றிக் கேளுங்கள். கல்லூரியில் படிக்கிறவர்கள் தங்கள் கல்லூரி நூலகத்தை முதலில் பார்க்காமல் ஊரெல்லாம் தேடுவது எனக்குப் புரியவே இல்லை.

கடைகளில், அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸில் புரட்டிப் பார்க்கலாம். பழைய புத்தகத்துக்கு சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட் பக்கம், மயிலாப்பூர் லஸ் பக்கம் என்று போவார்கள். அங்கே கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. போகும்போது நூலின் பெயரையும் பதிப்பையும் கைபேசியில் வைத்துக்கொண்டு போங்கள். நந்தனம் ஒய்எம்சிஏவில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் வழக்கமாகப் பத்து சதவீதக் கழிவு உண்டு, ஆனால் இந்த வகை நூலுக்காக மட்டும் அங்கே போனால் ஏமாற்றம்தான். வேறு நூல்களோடு திரும்பி வருவீர்கள், அது உங்கள் பாடு.

7. விலை, பதிப்பு, போலி அச்சு

விலையில் மூன்று படிகள். இந்திய மறுபதிப்பு பெரும்பாலும் ஆயிரம் ரூபாயை ஒட்டி, கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். இறக்குமதிப் பதிப்பு ஐந்தாயிரத்தில் தொடங்கிப் பத்தாயிரத்தையும் தாண்டும். பழைய பிரதி சில நூறு. அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. யாராவது ரசீதில் அதைத் தனியாகச் சேர்த்தால் கேளுங்கள்.

வாங்கும் முன் பதிப்புரிமைப் பக்கத்தைப் படியுங்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு என்று இருந்தால் அது சட்டப்படியான மலிவுப் பதிப்பு, தைரியமாக வாங்கலாம். ஆனால் சில மலிவுப் பதிப்புகளில் பயிற்சி எண்கள் மாறியிருக்கும், சில அத்தியாயங்கள் குறைந்திருக்கும். நண்பர் வைத்திருக்கும் அமெரிக்கப் பதிப்போடு சேர்ந்து படிப்பதாக இருந்தால் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடமிருந்து எனக்கு வந்த பிரதி, நகலெடுத்துக் கட்டிய போலி. அட்டை பளபளப்பாகவே இருந்தது. உள்ளே அட்டவணைகளின் சிறிய எண்களில் மூன்றையும் எட்டையும் பிரிக்க முடியவில்லை. கணக்கியல் நூலில் அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? திருப்பி அனுப்பிப் பணம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆகவே பெட்டியைப் பிரித்ததுமே நடுப்பக்க அட்டவணை ஒன்றைப் பாருங்கள், அட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன்னும் உள்ளே உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள், பிரித்த நேரத்தைக் காட்டும் படம் ஒன்று எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இன்னொரு பொறி: புதிய பதிப்புகளோடு இணையதளக் கடவுக்குறியீடு ஒன்று வரும். பயிற்சிகளும் பின்னிணைப்புகளும் அதற்குள் இருந்தால், பழைய பிரதி வாங்கியவருக்கு அது திறக்காது. மலிவு என்று வாங்கிவிட்டுப் பாதி நூலோடு நிற்க வேண்டிவரும். பயிற்சிகள் அச்சிலேயே இருக்கின்றனவா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. நூலோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டிய ஆவணங்கள்

வெளிநாட்டு நூலில் இல்லாத இந்தியப் பகுதியை இவைதான் நிரப்பும். எல்லாமே இலவசம்.

இண்ட் ஏஎஸ் விதிகளின் மூல வடிவம் நிறுவன விவகார அமைச்சகத் தளத்தில் இருக்கிறது. அவற்றுக்கான விளக்க நூல்களை ஐசிஏஐ தன் தளத்தில் வைத்திருக்கிறது. முழுதாகப் படிக்க வேண்டாம், 7, 103, 115 (வருவாய் பற்றியது), 116 நான்கையும் இறக்கி வையுங்கள்.

2013 நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை: இதில் 2021-இல் வந்த திருத்தத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு இது புதையல். வர வேண்டிய பாக்கி எத்தனை மாதமாக, எத்தனை ஆண்டாக நிற்கிறது என்ற வயதுப் பட்டியலை நிறுவனங்கள் இப்போது தர வேண்டும். பதினொரு விகிதங்களைச் சூத்திரத்தோடு வெளியிட வேண்டும், முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணமும் எழுத வேண்டும். உங்கள் நூல் சொல்லும் சூத்திரத்தையும் நிறுவனம் போட்டிருக்கும் சூத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் அவை பிரிகின்றன, ஏன் என்று எழுதுவது எந்தப் பயிற்சி நூலையும்விட நல்ல பயிற்சி.

தணிக்கையாளர் அறிக்கையின் இணைப்பாக வரும் காரோ 2020 (தணிக்கையாளர் எவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்ற அரசு ஆணையின்படி எழுதப்படுவது): வங்கிக்குக் கொடுத்த காலாண்டு விவரமும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா என்று அதில் சொல்லியிருக்கும். கடன் பக்கம் வேலை செய்பவர்கள் முதலில் திறக்க வேண்டிய பக்கம் அது.

மதிப்பீட்டுக்கு, சென்னையில் பட்டம் படித்து இன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் அஸ்வத் தாமோதரனின் தளத்தில் வகுப்புக் காணொளிகளும் துறைவாரித் தரவுகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பாடநூலில் மதிப்பீட்டு அத்தியாயம் பலவீனமாக இருந்தால் அதற்காக இன்னொரு நூல் வாங்க வேண்டாம், இது போதும்.

9. எப்போது தொடங்குவது

வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்பதே அதிகம். பதினைந்து, இருபது அத்தியாயம் உள்ள நூல் ஐந்து மாதம் பிடிக்கும். இரண்டு மாதத்தில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் பயிற்சிகளைப் போடவில்லை என்று அர்த்தம்.

மார்ச்சில் ஆண்டு முடிக்கும் நிறுவனங்கள் செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், அதனால் ஆண்டறிக்கைகள் ஜூலை, ஆகஸ்டில் குவியும். மார்ச் வாக்கில் நூலைத் தொடங்கினால் அந்தச் சமயத்தில் பாதிக்கு மேல் தாண்டியிருப்பீர்கள், சுடச்சுட வந்த அறிக்கையில் கைவைக்கலாம். தணிக்கை அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது சிஏ பயிற்சியில், இருப்பவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் தணிக்கை வேலையிலேயே போய்விடும். நீங்கள் நவம்பரில் தொடங்கி, ஏற்கெனவே வந்த அறிக்கைகளையே பயன்படுத்துங்கள்.

ஆறு வாரம் ஆன பிறகு ஒரு முறை நின்று பாருங்கள். மூன்று அத்தியாயம்கூட முடியவில்லை என்றால் நூல் உங்களுக்குக் கனம். அதைப் பரணில் போட்டு வைத்துவிட்டு, பட்டியலில் எளிதானதற்கு மாறுங்கள். அடுத்த நூலுக்குப் போகும்போது புதிய நிறுவனம் எடுக்காதீர்கள். அதே டிவிஎஸ்ஸோ லேலண்டோ இருக்கட்டும், ஏற்கெனவே போட்ட எக்செல் கோப்பிலேயே தொடருங்கள்.